இரண்டு சிரிப்புகள்: டொராண்டோவில் ஒரு வார எகிப்தியத் திரையிடல்

திங்கட்கிழமை இரவு. திரையில் 'கஸல் அல்-பனாத்' என்கிற பழைய படம், அதில் எகிப்தின் பெரிய நகைச்சுவை நடிகர் நகீப் அல்-ரீஹானி. ஹமாம் என்கிற ஏழை அரபு வாத்தியாராக, ஒரு பாஷாவின், அதாவது பட்டம் பெற்ற எகிப்தியப் பிரபுவின், மாளிகைக்குள் முதல் தடவை கால் வைக்கிறார். பாஷாவின் மகளுக்குப் பாடம் சொல்லித்தர ஆள் தேவை என்று வரச்சொல்லியிருக்கிறார்கள். எதிரே நல்ல உடுப்பில் யார் வந்தாலும் அவர்தான் பாஷா என்று நினைத்து வளைகிறார். விசாரித்தால் வந்தவர் வேலைக்காரர். ஒவ்வொரு தடவையும் விஷயம் புரிந்து ரீஹானியின் முகம் இறங்க ஒரு நொடி ஆகிறது. அவருடைய மொத்த வித்தையும் அந்த நொடியில்தான் இருக்கிறது.

எங்கள் அரங்கில் அந்த நொடிக்கு முன்பே பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். முகம் இறங்கிய பிறகு மீதிப் பாதி சிரித்தது. முதலில் சிரித்தவர்கள் ஆங்கிலச் சப்டைட்டிலைப் படித்தவர்கள். பிந்திச் சிரித்தவர்கள் காதால் கேட்டவர்கள். நாலைந்து முறை இப்படி நடந்ததும் பின்வரிசையிலிருந்து "உஷ்ஷ்" என்று ஒரு சத்தம். இன்னும் சிறிது நேரத்தில் கேட்டவர்கள் சிரிப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

டீ இடைவேளையில் ஒரு பெரியவர் என்னைத் தேடி வந்தார். அலெக்ஸாந்திரியாக்காரர், ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர், எண்பதைத் தொடுகிற வயது. "யா இப்னி" என்றுதான் ஆரம்பித்தார். எகிப்தில் பெரியவர்கள் சின்னவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள், "மகனே" என்று. "நாங்கள் ரீஹானியின் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறோம். அவர் சொல்லி முடிப்பதற்குள் முன்னால் இருப்பவர்கள் சிரித்துவிடுகிறார்கள். மனுஷன் செத்து எத்தனை காலம் ஆகிறது, இன்னும் அவரைப் பேசவிட மாட்டேன் என்கிறீர்களே!"

கூட்டம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்பதெல்லாம் எங்கள் திரைப்படச் சங்கத்தின் அறிக்கையில் இருக்கிறது. இங்கே நான் எழுத வந்தது அந்தப் பெரியவரின் புகாரைப் பற்றி. அது எங்களுக்கு எப்படிப் புரிந்தது, வாரம் முடிவதற்குள் எவ்வளவு சரிசெய்தோம், எங்கே கோட்டைவிட்டோம்.

கொஞ்சம் பின்னணி. எங்களுடையது சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் நடத்தும் சின்னச் சங்கம். வாடகைக்கு எடுத்த கூடத்தில் நூற்றுச் சொச்சம் நாற்காலி. எனக்கு அரபு எழுதப் படிக்கத் தெரியாது. கனடாவுக்கு வருவதற்கு முன் குவைத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். மத்தியானத்தில் டிவியைப் போட்டால் ஏதாவது ஒரு கறுப்பு வெள்ளை எகிப்தியப் படம் ஓடிக்கொண்டிருக்கும். அறையில் கூட இருந்த சூடானியும் சிரியாக்காரரும் வசனத்தை நடிகர்களுக்கு முன்பே சொல்வார்கள். அந்த ஆறு வருடம் காதில் ஏறியது மட்டும்தான் என் அரபு. சப்டைட்டில் வேலை என் தலையில் விழுந்ததற்கும் அதுவே காரணம்.

அந்தச் சூடானியும் சிரியாக்காரரும் இந்தக் கதைக்கு முக்கியம். 1896லேயே அலெக்ஸாந்திரியாவில் லூமியேர் சகோதரர்களின் படங்களைக் காட்டிவிட்டார்கள். 1927ல் அஸீஸா அமீர் என்கிற பெண் தானே தயாரித்து நடித்த 'லைலா' வந்தது. 1935ல், பாங்க் மிஸ்ர் வங்கியைத் தொடங்கிய தலாத் ஹர்ப், கெய்ரோவில் ஸ்டுடியோ மிஸ்ரைத் திறந்தார். அதற்குப் பிறகு மொராக்கோ முதல் ஈராக் வரை அரபு பேசும் ஊரெல்லாம் கெய்ரோ படம்தான். மொராக்கோக்காரர் பேசுவது ஈராக்கியருக்குச் சட்டென்று புரியாது. கெய்ரோப் பேச்சு இருவருக்கும் புரியும், படம் பார்த்தே பழகியிருப்பார்கள். ஆகவே 'எகிப்தியப் பட வாரம்' என்று நோட்டீஸ் ஒட்டினால் எகிப்தியர் மட்டும் வரமாட்டார்கள். லெபனான், ஈராக், சூடான், பாலஸ்தீனம் என்று எல்லா வீட்டுத் தாத்தா பாட்டிகளும் வருவார்கள். இது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் வாரத்தை உள்ளூர் சினிமா ஆர்வலர்களை மனதில் வைத்தே திட்டமிட்டோம்.

தேர்ந்தெடுத்த படங்கள் ஏழு. அன்வர் வக்தி இயக்கிய 'கஸல் அல்-பனாத்' (1949). யூசுஃப் ஷாஹீனின் மூன்று: 'ஸிராஅ ஃபில் வாதி' (1954), 'பாப் அல்-ஹதீத்' (1958), 'அல்-அர்த்' (1970). ஹென்ரி பரகாத்தின் 'துஆ அல்-கரவான்' (1959). நகீப் மஹ்ஃபூஸின் நாவலிலிருந்து ஸலாஹ் அபூ ஸைஃப் எடுத்த 'பிதாயா வ நிஹாயா' (1960). ஷாதி அப்துஸ்ஸலாமின் 'அல்-மூமியா' (1969). ஷாஹீனுக்கு மூன்று அதிகம் என்று கூட்டத்தில் ஒரு தோழி சொன்னார். சரியான பேச்சு. ஆனால் நல்ல பிரதியும் அனுமதியும் சேர்ந்து கிடைப்பது அவருடைய படங்களுக்குத்தான். அதிலேயே பாதித் தேர்வு முடிந்துவிடுகிறது.

படங்கள் கைக்கு வந்த கதை

பழைய எகிப்தியப் படம் ஒன்றின் உரிமை யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே தனி வேலை. தயாரித்த கம்பெனி என்றோ மூடியிருக்கும். வாரிசுகள் விற்றிருப்பார்கள். நூற்றுக்கணக்கான படங்களின் உரிமை செயற்கைக்கோள் டிவி நிறுவனங்களின் கைக்குப் போய்விட்டது. அவர்களுக்குச் சேனலில் ஓட்டத் தேவையான தரம் இருந்தால் போதும், தியேட்டரில் போடும் பிரதியைப் பற்றிக் கவலை இல்லை. எழுதிய கடிதங்களுக்குப் பதில் வர மாதங்கள் ஆயின. சில பதில்கள் வரவே இல்லை.

கடைசியில் சில படங்கள் டிசிபியாக வந்தன. டிசிபி என்பது இன்றைய தியேட்டர்கள் ஓட்டும் கோப்பு. பூட்டிய டிசிபிக்குத் தனியாகச் சாவி அனுப்புவார்கள். குறித்த நாளில், குறித்த நேரத்துக்குள், குறித்த மெஷினில்தான் அது திறக்கும். நம் ஆபரேட்டர் முந்தைய நாள் ஒத்திகை பார்க்க நினைத்தால் படம் மூச்சு விடாது. மீதிப் படங்கள் உரிமையாளர் அனுமதிக் கடிதத்தோடு அனுப்பிய டிஸ்க்குகள். 'கஸல் அல்-பனாத்' அதில் ஒன்று. வினை அங்கேதான் காத்திருந்தது.

முதல் நாளே முடிவுப் படம்

ஞாயிற்றுக்கிழமை தொடக்க விழாவுக்கு 'அல்-மூமியா' போட்டோம். காரணம் எளிது. 2009ல் அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸியின் உலக சினிமா அறக்கட்டளை இதை இத்தாலியின் பொலோன்யாவில் மீட்டெடுத்தது. எங்களிடம் இருந்ததிலேயே அழகான பிரதி. உள்ளூர்ப் பத்திரிகைகளுக்குப் பெயரும் தெரியும். ஷாதி அப்துஸ்ஸலாம் எடுத்த ஒரே முழுநீளக் கதைப்படம். 1969ல் முடித்தும் எகிப்துத் தியேட்டர்களுக்கு வர 1975 ஆயிற்று.

கதை 1881ல் நடந்தது. லக்ஸருக்கு எதிர்க்கரை மலையில் ஒரு குடும்பம், அரச மம்மிகளை ஒளித்துவைத்த குழி ஒன்றைக் கண்டுபிடித்து, அதிலிருந்து நகையையும் சிலையையும் ஒவ்வொன்றாக விற்றுப் பிழைத்தது. குழியில் கிடந்தவர்களில் இரண்டாம் ராம்செஸும் ஒருவர். படத்தில் அந்தக் கூட்டத்தின் தலைவர் இறந்ததும் இளைய மகன் வனீஸுக்கு ரகசியம் தெரியவருகிறது. தின்ற சோறெல்லாம் பிணத்தின் கழுத்திலிருந்து வந்ததா என்று அவன் உள்ளே நொறுங்குவதுதான் படம். நிழலும் கல்லும் காற்றும்தான் நிறைய. ஆட்கள் மெதுவாக நடப்பார்கள், அதைவிட மெதுவாகப் பேசுவார்கள்.

பேசுவது ஃபுஸ்ஹாவில், அதாவது ஏட்டு அரபில். மலைக்கிராமத்துக் கல்லறைத் திருடர்கள் வாயைத் திறந்தால் செந்தமிழ் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த மாதிரி. எந்த எகிப்தியரும் வீட்டில் இப்படிப் பேசுவதில்லை. இயக்குநர் தெரிந்தே செய்தது, படத்துக்கு அது ஒரு கல்வெட்டுத் தன்மையைக் கொடுக்கிறது. எனக்கு உயிரான படம், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தொடக்க நாளுக்கு இதைப் போட்டது தப்பு.

பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த தாத்தா பாட்டிகள் நடிகை ஃபாத்தின் ஹமாமாவையும் பாடகர் அப்துல் ஹலீமையும் மனதில் வைத்து வந்திருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது மௌனம். உள்ளூர் ஆர்வலர்களோ அசந்துபோனார்கள். எகிப்திய சினிமா என்றாலே இப்படித்தான் போலிருக்கிறது என்று அவர்கள் முடிவுகட்டியது வெளியே போகும்போது காதில் விழுந்தது. இரண்டு தரப்புக்கும் தவறான செய்தி. அடுத்த நாள் பின்வரிசைகளில் காலி நாற்காலி தெரிந்தது. அலெக்ஸாந்திரியாக்காரர் திரும்ப வந்தார். "ரீஹானி என்றால் நான் ஜுரத்திலும் வருவேன்" என்றார்.

இன்னொன்றும் கவனித்தேன், அதன் பொருள் பிறகுதான் புரிந்தது. 'அல்-மூமியா' அன்று சப்டைட்டில் பற்றி ஒருவரும் புகார் சொல்லவில்லை. ஏட்டு அரபு என்பதால் எகிப்தியர்களில் சின்னவர்கள்கூட ஆங்கிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். எல்லோரும் படித்தார்கள். வசனம் மெதுவாக வந்ததால் படிப்பவருக்கும் கேட்பவருக்கும் நடுவில் இடைவெளி விழவில்லை.

உடைத்துப் போட்ட வரிகள்

இனி அந்தத் திங்கட்கிழமை. 'கஸல் அல்-பனாத்' என்ற பெயரே மொழிபெயர்ப்பவருக்கு வைத்த பொறி. பெண்களோடு சரசம் என்று ஒரு பொருள். எகிப்தில் பஞ்சு மிட்டாய்க்கும் அரபு எழுத்தில் அதே பெயர்தான். படம் பஞ்சு மிட்டாய் மாதிரிதான் தொடங்கும்: துள்ளல், பாட்டு, கேலி. முடியும்போது தொண்டையில் ஏதோ அடைத்துக்கொள்ளும். நகீப் அல்-ரீஹானியின் கடைசிப் படம். 1949 ஜூனில் அவர் டைஃபாய்டில் இறந்தார். படம் அதற்குப் பிறகுதான் வெளியானது. அவரோடு நடித்த லைலா முராத் அந்தக் காலத்தின் பெரிய பாடகி-நடிகை.

வாத்தியாரும் மாணவியும் பாடும் 'அப்கத் ஹவ்வஸ்' பாட்டைக் கிட்டே போய்ப் பார்த்தால் சிக்கல் விளங்கும். அப்கத், ஹவ்வஸ், ஹுத்தி, கலமன் என்பது அரபு எழுத்துகளைப் பழைய வரிசையில் மனப்பாடம் செய்ய உதவும் வாய்பாடு. அரபு நாடுகளில் குழந்தைக்கும் தெரியும். பாட்டில் அந்த 'கலமன்' ஓசைக்கு ஒத்துப்போக, சாதாரணப் பேச்சு வார்த்தைகளின் வாலில் இலக்கண விகுதி மாதிரி ஒன்றை ஒட்டிக்கொண்டே போகிறாள் பெண். பேச்சுத் தமிழ் வார்த்தைக்குச் செய்யுள் விகுதி ஒட்டி இலக்கண வாத்தியாரைச் சீண்டுகிற குறும்பு. ஆங்கிலச் சப்டைட்டிலில் அது "ஏ பி சி டி, ஆசிரியர் அழகாகிவிட்டார்" என்கிற ரீதியில் வந்தது. தப்பில்லை. உப்பும் இல்லை.

உப்பு இல்லாததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நேரம் தப்பினால் பொறுக்க முடியாது. சப்டைட்டில் போடுவதற்குப் பொதுவாக ஒரு கணக்கு உண்டு. ஒரு சமயத்தில் இரண்டு வரி, வரிக்கு நாற்பது எழுத்துக்கு முன்பின், திரையில் ஆறு ஏழு நொடிக்கு மேல் நிற்கக் கூடாது. சிக்கனம் பார்ப்பவர்கள் முதல் வரியில் கேள்வியையும் இரண்டாவது வரியில் பதிலையும் ஒன்றாகப் போட்டுவிடுவார்கள். படிப்பவர் கண் ஒன்றரை நொடியில் இரண்டையும் முடித்துவிடும். திரையில் நடிகர் இன்னும் மூச்சுதான் இழுத்துக்கொண்டிருப்பார். சாதாரண வசனத்தில் இது தெரியாது. நகைச்சுவையில், அதுவும் ரீஹானி மாதிரி இடைவெளியை வைத்தே பிழைக்கிற நடிகரிடம், ஆளையே கொன்றுவிடும்.

அன்றிரவு பெரியவரின் இரண்டாவது புகார் வந்தது. "லைலா முராத்தின் குரல் இது இல்லை" என்றார். வயதான காது, சொல்கிறார் என்று முதலில் தலையாட்டிவிட்டேன். வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. சினிமா ஃபிலிம் நொடிக்கு 24 பிரேம் ஓடும். ஐரோப்பிய டிவி முறையில் செய்த டிஸ்க் 25 பிரேம் ஓடும். நூற்றுக்கு நாலு வேகம் கூட. இரண்டு மணி நேரப் படம் ஏறக்குறைய ஐந்து நிமிடம் முன்னாலேயே முடிந்துவிடும். பேச்சில் யாருக்கும் தெரியாது. பாட்டில் சுருதி கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறிவிடும். ஐம்பது அறுபது வருடம் ரேடியோவில் கேட்டு ஊறிய பாட்டு அரைக் கட்டை ஏறினால் அந்தக் காதுக்கு அது வேறு யாரோ.

இரவோடு இரவாக உட்கார்ந்தோம், நானும் ஆபரேட்டரும் ஆங்கில வரிகளைச் சரிபார்க்க ஒரு கெய்ரோ மாணவியும். சனிக்கிழமை மத்தியானம் கூடம் காலியாக இருந்தது. அதே படத்தை இலவசமாக மறுபடி போடுவோம், அதற்குள் சரிசெய்வோம் என்று முடிவு. முதலில் படத்தை 24க்கு இறக்கினோம். ஒத்திகையில் முதல் சில வரிகள் பிரமாதம். அப்புறம் சப்டைட்டில் நழுவ ஆரம்பித்து, ஒரு மணி நேரக் கட்டத்தில் இரண்டரை நிமிடம் முந்திக்கொண்டு ஓடியது. படத்தின் வேகத்தைக் குறைத்த நாங்கள் சப்டைட்டில் கோப்பின் நேரத்தை நீட்ட மறந்திருந்தோம். இதைத் திங்கட்கிழமை கூட்டத்தின் முன் செய்திருந்தால் உதை விழுந்திருக்கும்.

அடுத்தது உண்மையான வேலை. ஆயிரத்துச் சொச்சம் வரிகளில், சிரிப்பு இருக்கும் இடங்களை மாணவி குறித்துக்கொடுத்தாள். கேள்வியும் பதிலும் ஒன்றாக இருந்த இடங்களை உடைத்து இரண்டாக்கினோம். பதில் வரி நடிகரின் உதடு அசையும்போதுதான் திரைக்கு வரும். சில இடங்களில் அதற்கும் கால் நொடி பிந்தி வைத்தோம், முகத்தைப் பார்க்க அவகாசம் வேண்டுமே. இதில் மாணவிக்கும் எனக்கும் நல்ல சண்டை. "படிக்கிறவர்களுக்கு நேரம் போதாது" என்பாள். "கேட்கிறவர்களுக்கு முந்தக் கூடாது" என்பேன். பெரும்பாலும் அவள் பக்கம்தான் நியாயம் இருந்தது. அதற்காக வரியையே சுருக்கினோம்: பத்து வார்த்தை இருந்த இடத்தில் ஐந்து. பொருளில் கொஞ்சம் இழந்தோம், நேரத்தை மீட்டோம். இலக்கியச் சுத்தம் பேசுகிறவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். ஏற்க வேண்டாம்.

செவ்வாய் முதல் வெள்ளி வரை

'பாப் அல்-ஹதீத்' அன்று முதல் ஐந்து நிமிடம் எல்லோர் தலையும் நெற்றியோடு வெட்டுப்பட்டுத் தெரிந்தது. பழைய படங்கள் கிட்டத்தட்டச் சதுரம். கூடத்து ப்ரொஜெக்டர் அகலத் திரைக்கு வைத்திருந்தது. நிறுத்தி, சரிசெய்து, மறுபடி தொடங்கினோம். மன்னிப்புக் கேட்க மேடை ஏறியவன் நான்தான்.

படம் கெய்ரோவின் பெரிய ரயில் நிலையத்திலேயே நடக்கிறது. கால் ஊனமான பத்திரிகை விற்பவன் கினாவியாக ஷாஹீனே நடித்திருக்கிறார். ரயிலில் திருட்டுத்தனமாகக் குளிர்பானம் விற்கும் ஹனூமாவாக ஹிந்த் ருஸ்தும், போர்ட்டர்களுக்குச் சங்கம் கட்டும் அபூ ஸரீஅ ஆக ஃபரீத் ஷவ்கி. ஷவ்கிக்கு எகிப்தில் 'டெர்சோவின் ராஜா' என்று பட்டம். டெர்சோ என்றால் மூன்றாம் வகுப்பு, நம் தரை டிக்கெட். அவர் அடிதடியை எதிர்பார்த்து 1958ல் போனவர்களுக்கு, ஆசையில் கருகிப் பைத்தியமாகும் ஒரு நொண்டியைக் காட்டினால் எப்படியிருக்கும்? படம் தோற்றது. பல வருடம் கழித்துத்தான் கொண்டாடினார்கள். எங்கள் பின்வரிசையிலும் ஒருவர், "இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்லிக்கொண்டே கடைசிவரை இருந்தார்.

சப்டைட்டிலைப் பொறுத்தவரை ஒரே ஒரு இடம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. கடைசியில் கினாவி கையில் கத்தி. அவனை மகன் மாதிரி வளர்த்த கடைக்காரக் கிழவர் மத்பூலி, ஹனூமாவோடு உனக்குக் கல்யாணம், வா, கல்யாண உடுப்பு போட்டுக்கொள் என்று நயமாகப் பேசுகிறார். அவன் போட்டுக்கொள்வது பைத்தியக்காரர்களைக் கட்டும் சட்டை. கிழவரின் குரல் அவ்வளவு இதமாக இருக்கும், ஒவ்வொரு வார்த்தையும் பொய். இங்கே வரி முந்தினால் பார்ப்பவருக்குப் பொறி முன்கூட்டியே தெரிந்துவிடும். செவ்வாய் மதியம் அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் உடைத்து, நேரம் மாற்றி வைத்திருந்தோம். அன்றிரவு அரங்கம் முழுக்க ஒரே நேரத்தில் மூச்சடக்கியது. எனக்கு அந்த வாரத்தில் கிடைத்த முதல் நல்ல செய்தி.

புதன்கிழமை 'துஆ அல்-கரவான்'. மூலம் தாஹா ஹுசைனின் நாவல். சின்ன வயதிலேயே பார்வை இழந்த எழுத்தாளர், அதனாலோ என்னவோ இந்தக் கதையை ஒரு பறவையின் குரலில் கட்டி நிறுத்தினார். கௌரவத்தின் பெயரால் மாமன் அக்காளைக் கொல்கிறான். அக்காளைக் கெடுத்த இன்ஜினீயரின் வீட்டில் தங்கை ஆம்னா வேலைக்காரியாகச் சேர்கிறாள், பழிவாங்க. ஆம்னாவாக ஃபாத்தின் ஹமாமா. கொலை நடந்த இரவில் கூவிய கரவான் பறவை படம் நெடுகக் கூவுகிறது.

எங்களுக்கு வந்த சப்டைட்டிலில் அந்த இடங்களிலெல்லாம் "பறவை ஒலி" என்று போட்டிருந்தது. மாணவி தலையில் அடித்துக்கொண்டாள். நம் ஊரில் அக்காக்குருவி 'அக்கா, அக்கா' என்று கூப்பிடுவதாகக் கேட்கிறோம் இல்லையா, அதுபோல எகிப்தில் கரவான் 'அல்-முல்கு லக், லக், லக்' என்று கூவுவதாகக் கேட்பார்கள். ஆட்சி உனக்கே, உனக்கே, உனக்கே என்று இறைவனைப் பார்த்துச் சொல்கிறதாம். நீதி கேட்க வேறு யாரும் இல்லாத பெண்ணின் தலைக்கு மேல் அந்தக் குரல். இதைத் திரையில் எழுதலாமா? எழுதினால் பறவை ஆங்கிலம் பேசும். எழுதாவிட்டால் அது வெறும் சத்தம். கடைசியில் எல்லா இடத்திலும் அந்த வரியை அழித்துவிட்டு, படத்துக்கு முன் மாணவியை மேடையேற்றி இரண்டே நிமிடம் பேசச் சொன்னோம். அவள் கூவியும் காட்டினாள். பின்வரிசைப் பாட்டிகள் சேர்ந்து கூவினார்கள். படத்தில் முதல் தடவை கரவான் கூவியபோது முன்வரிசையும் திரும்பிப் பார்க்காமல் புரிந்துகொண்டது.

வியாழன் 'பிதாயா வ நிஹாயா'. அப்பன் செத்த குடும்பம் படிப்படியாகச் சரிவதும், வீட்டைக் காப்பாற்றிய மகள் நஃபீஸாவுக்கு அந்த வீடே கூலி கொடுப்பதும். நஃபீஸாவாக நடித்த ஸனா கமீலைப் பற்றி மட்டும் தனியாக எழுத வேண்டும், இங்கே இடமில்லை. படம் நைல் நதியில் முடிந்தபோது விளக்கைப் போட ஆபரேட்டருக்கே மனசு வரவில்லை.

வெள்ளி 'ஸிராஅ ஃபில் வாதி'க்கு நிற்க இடமில்லாத கூட்டம். முழுப் பெருமையும் பின்னாளில் ஹாலிவுட் நட்சத்திரமான ஓமர் ஷெரீஃபுக்கு. அலெக்ஸாந்திரியாவில் மிஷேல் ஷல்ஹூபாகப் பிறந்தவர் ஓமர் ஷெரீஃபாகத் திரையில் தோன்றிய முதல் படம். ஜோடி ஃபாத்தின் ஹமாமா, மறு வருடமே நிஜத்திலும் ஜோடி. கரும்புத் தோட்டம், சூழ்ச்சிக்கார பாஷா, கர்னாக் கோயில் தூண்களுக்கு நடுவே துரத்தல். சப்டைட்டில் எப்படி இருந்தது என்று யாராவது கவனித்திருந்தால் ஆச்சரியம்.

சனிக்கிழமை

சனி இரவு நிறைவுப் படம் 'அல்-அர்த்'. 1930களின் கிராமம். வயலுக்கு நீர் பாயும் நாளைக் குறைக்கிறார்கள், பாஷாவுக்காக ஒரு சாலையை வயல் வழியே போடப் பார்க்கிறார்கள். வில்லன் வேடங்களுக்குப் பேர்போன மஹ்மூத் அல்-மிலீகி இதில் கிழட்டு விவசாயி அபூ சுவைலம். கடைசிக் காட்சியில் அவரைக் கட்டிக் குதிரையோடு இழுத்துப் போகிறார்கள், விரல்கள் மண்ணைப் பிறாண்டிக்கொண்டே போகின்றன. அதற்கு ஒரு எழுத்தும் வேண்டியதில்லை. வாரத்தை இதைப் போட்டு முடித்ததில் வருத்தமில்லை. ஆனாலும் படங்களின் வரிசை மாறியிருக்க வேண்டும் என்பதே இப்போது என் எண்ணம்: ஆரம்பத்தில் ரீஹானி, முடிவில் 'அல்-மூமியா', நடுவில் இது.

சனி மத்தியான மறுகாட்சிக்கு அரைக் கூடம்தான் நிரம்பியது. அலெக்ஸாந்திரியாக்காரர் தன் மகளையும் கனடாவில் பிறந்த பேத்தியையும் கூட்டி வந்து, இந்தத் தடவை முன்வரிசையில் உட்கார்ந்தார். பேத்திக்கு அரபு அரைகுறை. மாளிகைக் காட்சி வந்தது. ரீஹானி வளைந்தார், எதிரே இருந்தவர் பேசினார், முகம் இறங்கியது, சிரிப்பு வந்தது. ஒரே சிரிப்பு. எல்லா இடத்திலும் அப்படி அமைந்துவிடவில்லை. மூன்று நான்கு இடங்களில் படிப்பவர்களுக்கு நிஜமாகவே நேரம் போதவில்லை, ஒரு இடத்தில் நாங்கள் சுருக்கிய வரி யாருக்கும் புரியவில்லை.

முடிவில் எகிப்தின் பெரிய பாடகர் முஹம்மது அப்துல் வஹாப் வருகிறார், வேடம் எதுவும் இல்லாமல் அப்துல் வஹாபாகவே. 'ஆஷிக் அர்-ரூஹ்' பாடுகிறார். உடம்பின் காதல் அழியும், உயிரின் காதலுக்கு முடிவில்லை என்கிற பாட்டு. மாணவி மேல் வைத்த ஆசையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று ஹமாம் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே உணர்கிறார். திங்கட்கிழமை ஒவ்வொரு வரியும் திரும்பத் திரும்பச் சப்டைட்டிலாக ஓடியது. அரபுப் பாட்டில் ஒரு வரியைப் பாடகர் எத்தனை தடவை வேண்டுமானாலும் திருப்பிப் பாடுவார். அத்தனை தடவையும் எழுத்து வந்தால் கண்கள் கீழேயே ஒட்டிக்கொள்ளும். மறுகாட்சியில் முதல் தடவை மட்டும் எழுத்து, அடுத்தடுத்த தடவைக்குத் திரை வெறுமை.

நான் பக்கவாட்டில் நின்று, திரையைப் பார்க்காமல் முன்வரிசை முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்து மறைந்ததும் பேத்தியின் கண்கள் கீழிருந்து மேலே ஏறின. மேலே ரீஹானி, கன்னத்தில் நீர் வழிய. பெரியவர் பாட்டோடு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். படம் முடிந்து கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போகும்போது என் தோளில் கை வைத்தார்.

"இன்றைக்கு லைலா முராத்தின் குரல்" என்றார். பிறகு ஏதோ நினைவு வந்தவர் போல நின்று, "ஆனால் அப்கத் ஹவ்வஸை இன்னும் சரியாக எழுதவில்லை, யா இப்னி" என்றார்.